என்னைப் பற்றிய அப்பீல்

என்னைப் பற்றி ஒரு வழக்கு நடந்தது. கீழ்க் கோர்ட்டில் நடந்தது, பிறகு மேல் கோர்ட்டுக்கும் போனது. இரண்டு இடத்திலும் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இந்த வயதில் அதை நினைத்தால் கோபம்கூட வருவதில்லை, கொட்டாவிதான் வருகிறது. ஆனாலும் எழுதி வைக்கிறேன். அப்பீல் ஜெயித்ததா, தோற்றதா என்று கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இரண்டும் இல்லை என்று சொன்னால் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

அப்பா பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலையில் இருந்தார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அப்போது சின்னப் பெண். மார்க்கெட் தெருவுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே மசாலா அரைத்து விற்கிற கடை. எங்கள் துணிமணி எல்லாம் எப்போதும் மிளகாய் நெடி அடிக்கும். புருஷனைப் பறிகொடுத்த பெண் என்ன செய்ய வேண்டும் என்பதில் எங்கள் ஆட்களுக்குச் சந்தேகமே கிடையாது. புருஷனின் அண்ணன் வீட்டுக்குப் போய், ஒரு மூலையில் பாயைப் போட்டுக்கொண்டு, கொடுத்ததைத் தின்றுகொண்டு கிடக்க வேண்டும். அம்மா போகவில்லை. பெரிய அடுப்பு இரண்டு வாங்கிப் போட்டுச் சோறு ஆக்கி விற்க ஆரம்பித்தாள்.

ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்த ஒற்றை ஆட்கள் பினாங்கில் நிறையப் பேர் இருந்தார்கள். தொங்கான் என்கிற சரக்குப் படகில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர்கள், துணிக்கடைச் சிப்பந்திகள், நகைப் பட்டறையில் பொடி வைத்து ஊதுகிறவர்கள். அவர்களுக்கு நாக்கு செத்துப் போயிருந்தது. அம்மாவின் புளிக்குழம்புக்கு மாடிப்படி முழுக்க வரிசை நிற்கும். அம்மாவின் தம்பி, என் மாமா, அவரும் தொங்கானில்தான் வேலை. வேலை விட்டு வந்ததும் பரிமாறுவார், சண்டை போடுகிறவனைப் படியிறக்கி விடுவார். எனக்கு அந்தக் கூச்சல் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். தலைவலியாக இருக்கும். பாடம் படிக்க முடியாது. ஆனால் அந்த ஆட்களில் ஒருவர்கூட என்னை ஏறிட்டுப் பார்த்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அம்மாவின் கரண்டிக்கு எல்லோரும் பயந்தார்கள்.

பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், சர்க்கார் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளை உடுப்பு, கறுப்புக் குடை. மாதம் ஒருமுறை வந்து மாடிப்படியிலேயே நின்று பேசிவிட்டுப் போவார், உள்ளே வரமாட்டார். நான் பெரியவளானதும் வருகை அடிக்கடி ஆயிற்று.

"ஆம்பளைங்க வந்து போற எடம் இது. தம்பி மக இங்க வளரலாமா? எங்கூட அனுப்பு. படிக்க வைக்கிறேன், நல்ல எடத்துல கட்டிக் குடுக்கிறேன்."

"ஆம்பளைங்க வர்றது சோத்துக்கு," என்றாள் அம்மா. "உங்களுக்கும் போடறேன், உக்காருங்க. சாப்பிட்டுட்டுப் போய் ஊர்ல சொல்லுங்க."

அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பெரியப்பா கெட்டவர் அல்லர், அதுதான் இந்தக் கதையில் பெரிய தொந்தரவு. செத்துப்போன தம்பிக்குத் தான் செய்ய வேண்டிய கடமை என்று நிஜமாகவே நம்பினார். நம்பிக்கொண்டே கோர்ட்டுக்குப் போனார்.

கீழ்க் கோர்ட்டில் வழக்கு சீக்கிரம் முடிந்தது. வெள்ளைக்கார நீதிபதி மாடிப்படியையும் வரிசையையும் பற்றிக் கேட்டார், பெரியப்பாவின் வீட்டைப் பற்றிக் கேட்டார். எனக்குப் பெரியப்பாதான் கார்டியன் என்று தீர்ப்பானது. அம்மா மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக்கு வந்து, பெரியவர்கள் யாராவது கூட இருக்கும்போது, என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம். அதோடு நிறுத்தியிருந்தால்கூட அம்மா அழுது தீர்த்திருப்பாள். ஆனால் நீதிபதி ஒரு காரணமும் எழுதினார். கோர்ட்டில் மொழிபெயர்க்கிறவர், பாவம், தலையைக் குனிந்துகொண்டு தமிழில் சொன்னார்: இந்தப் பெண்ணை வளர்க்க இந்தத் தாய் தகுந்தவள் இல்லை.

"அப்படியே எழுதிட்டாங்களா?" என்று அம்மா அவரைக் கேட்டாள்.

"எழுதிட்டாங்கம்மா."

"அழிக்க முடியாதா?"

"அதுக்கு அப்பீல் போகணும்."

அன்றைக்குப் பிடித்துக்கொண்டது அம்மாவை அந்த வார்த்தை. என்னைத் திரும்பக் கூட்டிவருவதற்காக அப்பீல் போனாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். போகப்போகத்தான் புரிந்தது. நான் பெரியப்பா வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறேன் என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அதை அவள் ஜீரணித்துக்கொண்டாள். அந்த ஒரு வரியைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

அப்பீல் என்றால் சும்மா காத்திருப்பது என்று அர்த்தம். அதைவிட நல்ல விளக்கம் யாரும் எனக்குச் சொன்னதில்லை. மேல் கோர்ட்டு நீதிபதிகள் பினாங்கிலேயே இருக்க மாட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்தால்தான் மூன்று பேர் சேருவார்கள். ஒருமுறை வந்தபோது எங்கள் வழக்கு பட்டியலின் அடியில் இருந்தது, அதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அடுத்த முறை பெரியப்பாவின் வக்கீலுக்கு உடம்பு சரியில்லை. அதற்கடுத்த முறை ஏதோ காகிதம் அச்சாகி வரவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, கோர்ட்டு வராந்தாவில் போய் உட்காருவாள். அன்றைக்கு அந்தத் தொங்கான்காரர்களுக்குச் சோறு கிடையாது. சாயங்காலம் வாய்தா என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அம்மா வீட்டுக்கு வந்து மறுபடி அடுப்பைப் பற்ற வைப்பாள்.

அம்மாவின் வக்கீல் யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது. வழக்கை எடுத்தபோது தலைமுடி கருகருவென்று இருந்தது. எங்கள் அப்பீல் முடிவதற்குள் காதோரம் நரைத்துவிட்டது என்று மாமா கேலி செய்வார். நல்ல மனுஷர். ஜெயித்துவிடலாம் என்று கடைசிவரை நம்பியவர் அவர் ஒருவர்தான். சோறு ஆக்கி விற்பது ஒரு தாய்க்குக் குற்றமாகாது, மூன்று நீதிபதிகளில் இரண்டு பேருக்காவது அது புரியும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பெரியப்பாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கோர்ட்டு நீண்ட லீவில் மூடிக் கிடந்த சமயம் பார்த்து எனக்குக் கல்யாணத்தை வைத்தார். எனக்குப் பதினெட்டு வயது நடந்தது. எங்கள் பக்கத்தில் அது முற்றிய வயது. கோர்ட்டில் கிடக்கிற பெண் என்று அதுவரை யாரும் கேட்டு வரவில்லை. மாப்பிள்ளையும் கிராணி. அமைதியானவர். எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் கார்டியன் என்ற பேச்சே முடிந்துபோகும். அப்புறம் யாரிடம் வளர வேண்டும் என்று கோர்ட்டு எதைத் தீர்ப்பது? இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. புடவையும் பூவும்தான் தெரிந்தது.

எங்களில் தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் கிடையாது. பெண்ணை மணவறைக்கு அழைத்து வருவது தாய்மாமன்தான். அவர் கொண்டு வருகிற சீர்ப் புடவையைக் கட்டிக்கொண்டு, அவர் போட்ட மாலையோடுதான் பெண் வெளியே வரவேண்டும். மாமன் வராவிட்டால், தாய் வீட்டார் கைகழுவிய பெண் என்று சபையில் பேச்சு வந்துவிடும். அந்தப் பேச்சு அவள் சாகிறவரை கூடவே வரும். மாமியார் வீட்டில் வாய்த் தகராறு வரும்போதெல்லாம் அதை எடுத்து நீட்டுவார்கள்.

வக்கீல் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னதை மாமா எனக்குப் பின்னால் ஒருநாள் சொன்னார்.

"நான் சொல்லுறதைக் கவனமாக் கேளுங்கோ அம்மா. கலியாணத்துக்கு நீங்கள் போகவும் கூடாது, ஒண்டும் அனுப்பவும் கூடாது. அவையள் தாங்களாக் கலியாணத்தைக் கட்டி வைச்சு எங்கட அப்பீலைச் சாகடிச்சிட்டினம் எண்டு நான் கேட்கலாம். அப்பீல் செத்தாலும், கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பையும் சேர்த்து அழியுங்கோ எண்டு கேட்கலாம். ஆனா நீங்கள் சீர் அனுப்பினா, உங்களுக்கும் சம்மதம் எண்டுதான் அர்த்தம். பிறகு என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

அம்மா தலையை ஆட்டிவிட்டு வந்தாளாம்.

கல்யாணத்தன்று பெரியப்பா முன்னேற்பாடாக ஒருவரைத் தயார் செய்து வைத்திருந்தார். அம்மா வழியில் ஏதோ ஒன்றுவிட்ட உறவு, பட்டர்வொர்த்திலிருந்து படகில் வந்திருந்த கிழவர். அவரை மாமன் முறைக்கு நிறுத்திவிடலாம் என்று யோசனை. அந்தக் கிழவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அறைக்குள் நான் உட்கார்ந்திருந்தபோது வெளியே பெண்கள் குசுகுசுவென்று பேசுவது கேட்டது. "சொந்த மாமன் வரலியாம்." "எப்படி வருவான்? தாயே வரலியே." எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை இந்த வழக்கில் எனக்கு வந்த அழுகை எல்லாம் ஒன்றுமில்லை. அன்றைக்கு அம்மாவின் மேல் எனக்கு வெறுப்பே வந்துவிட்டது, மறைப்பானேன்.

கிழவரை அறை வாசலுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். அப்போது முன்பக்கம் ஏதோ சலசலப்பு. மாமா வந்திருந்தார். தொங்கான் வெயிலில் கருத்த முகத்தில் திருநீறு, தலைக்கு மேல் தட்டு. புடவை, மாலை, தேங்காய், பழம், வெள்ளி மெட்டி. கூடவே நான்கைந்து தொங்கான்காரர்கள் ஆளுக்கொரு தட்டோடு, குளித்துத் தலை வாரி வரிசையாக நின்றார்கள். அம்மாவின் மாடிப்படியில் சோற்றுக்கு நிற்கிற அதே ஆட்கள்தான்.

"ஏன் மாமா இவ்வளவு நேரம்?" என்றேன்.

"அக்கா காலையிலதான் முடிவு பண்ணுச்சு," என்றார். "அழுவாத லா. மை கலையுது பாரு."

பெரியப்பா ஓடிவந்து மாமாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. பகை தீர்ந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஆகாய நீலத்தில் அரக்குக் கரை போட்ட புடவை அது. எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா முன்னமே மார்க்கெட் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்து வைத்திருந்தாளாம். நான் அதைக் கட்டிக்கொண்டு, மாமா கையைப் பிடித்து மணவறைக்குப் போனேன். சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மா அன்றைக்கும் தன் அடுப்படியில்தான் இருந்தாள்.

அப்பீல் கடைசியாக விசாரணைக்கு வந்தபோது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பெரியப்பா என் வீட்டுக்காரரிடம் சொல்லி என்னையும் கோர்ட்டுக்கு வரவழைத்தார். பெரியம்மா ஆள்விட்டு அந்த நீலப் புடவையையே கட்டிக்கொண்டு வரச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மா என்னை அந்தப் புடவையில் பார்த்ததே இல்லையே, பார்க்கட்டும் என்று இருந்தேன். பின்பக்கத்து பெஞ்சில், என் வீட்டுக்காரருக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். அம்மா முன்னால், மாமாவோடு. நான் படித்த இங்கிலீஷ் அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக உருப்படியாகப் பயன்பட்டது. பேசியது எல்லாம் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

பெரியப்பாவின் வக்கீல் எழுந்து, இந்த அப்பீலில் தீர்க்க ஒன்றுமே மிச்சமில்லை என்றார். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. யாரும் யாருக்கும் கார்டியன் இல்லை. வழக்கின் பொருளே இல்லாமல் போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அதைக் கேட்க வேடிக்கையாக இருந்தது. வேர்த்துக் கொட்டிக்கொண்டு, பூ வாடிப்போய், கால் மரத்துப்போய், பொருள் அங்கேதான் இருந்தது.

நீதிபதிகளில் நடுவில் இருந்தவர் எங்கள் வக்கீலைக் கேட்டார். உங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம், அப்புறம் என்ன உத்தரவு போடச் சொல்கிறீர்கள்? யாரை யாரிடம் ஒப்படைக்க?

யாரையும் ஒப்படைக்க வேண்டாம், என்றார் எங்கள் வக்கீல். கீழ்க் கோர்ட்டு எழுதிய அந்த வரி இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்தப் பெண்மணி அதைச் சுமந்துகொண்டுதான் தெருவில் நடக்கிறாள். அது சரியா தப்பா என்று மட்டும் சொல்லுங்கள்.

கோர்ட்டு இருப்பது சண்டையைத் தீர்க்க, அபிப்பிராயம் சொல்ல அல்ல, என்றார் நீதிபதி. சொன்னபடியே கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் அலுத்திருந்தது. கப்பலுக்கு நேரமாகியிருக்கலாம்.

வலது பக்கம் ஒரு கிழ நீதிபதி இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன், தூங்கவில்லை. அவர் பெரியப்பாவின் வக்கீலைப் பார்த்து ஒன்று கேட்டார். அப்பீல் நிலுவையில் இருக்கும்போது இந்தக் கல்யாணத்தை முடித்தது யார்? உங்கள் கட்சிக்காரர்தானே? தானே வழக்கைச் செத்துப்போக வைத்துவிட்டு, கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ள அவர் பார்க்கிறாரே, அது நியாயமா? அப்படியானால் அந்தத் தீர்ப்பையும் சேர்த்து ரத்து செய்வதுதானே முறை?

எங்கள் வக்கீலின் முதுகு நிமிர்ந்தது. மொழிபெயர்க்கிறவர் அம்மாவின் காதில் அதைச் சொன்னபோது, அம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, அம்மா ஜெயிக்க வேண்டும் என்று வேண்டினேன்.

பெரியப்பாவின் வக்கீல் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். கல்யாணம் இரண்டு தரப்பும் சேர்ந்து நடத்தியது என்றார். தமிழர்களின் வழக்கத்தை விளக்கினார், அதைத் தப்பில்லாமலே விளக்கினார். தாய் அனுப்பிய சீரோடு தாயின் தம்பி சபைக்கு வந்தார், பெண்ணை மணவறைக்கு அழைத்து வந்தவரே அவர்தான். தாய் அனுப்பிய புடவையைத்தான் பெண் இப்போதும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கோர்ட்டே திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் புடவையை எதற்குக் கட்டிவரச் சொன்னார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அதுவும் அதே புடவைதானே.

உங்கள் கட்சிக்காரர் என்ன சொல்கிறார், என்று கிழ நீதிபதி எங்கள் வக்கீலைக் கேட்டார். அந்தச் சீரை அவர்தான் அனுப்பினாரா?

முந்தின நாளே மாமா ஒரு யோசனை சொல்லியிருந்தாராம். "நானாத்தான் போனேன், அக்காவுக்குத் தெரியாதுன்னு சொல்லிடறேன். எந்தச் சாமி முன்னாலயும் சத்தியம் பண்றேன்." அம்மா அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இப்போது மாமா சட்டென்று எழுந்தார். சேவகன் அவரை உட்காரச் சொன்னான். கேள்வி அம்மாவுக்கு. மொழிபெயர்க்கிறவர் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். "உங்க மக கல்யாணத்துக்குச் சீர் அனுப்பினது நீங்களா, இல்ல உங்க தம்பி தானாக் கொண்டு போனாரா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அந்த வரி அழிந்திருக்கும். எத்தனை நாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வராந்தாவில் காத்துக் கிடந்தாளோ, அத்தனையும் அந்த ஒரு வரிக்காகத்தான். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு, புடவையைப் பார்த்தாள். கரை எனக்கு எப்படி இருக்கிறது என்று அளப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் அப்போது இருந்தது சந்தோஷம். நான் தப்பாகப் பார்க்கவில்லை.

"நான்தான் அனுப்பினேன்," என்றாள். "எம் பொண்ணுக்கு நான் அனுப்பாம வேற யாரு அனுப்புவாங்க?"

எங்கள் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். கிழ நீதிபதி தலையை ஆட்டிக்கொண்டு எதையோ எழுதினார். மூன்று பேரும் கொஞ்சம் குனிந்து பேசிக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் படித்தார். தீர்க்க ஒன்றும் இல்லாததால் அப்பீல் தள்ளப்படுகிறது. கீழ்க் கோர்ட்டு சொன்னது சரி என்றும் நாங்கள் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். ஏதோ படகு மோதிய வழக்கு.

வெளியே வராந்தாவில் என்னைப் பெரியம்மா வேகமாக நடத்திக்கொண்டு போனாள். அம்மாவும் நிற்கவில்லை. ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களைய வேண்டும். பெரியப்பா மட்டும் தூணருகில் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஜெயித்த மனுஷர் போல அவர் முகம் இல்லை.

அந்த வரி செத்துப்போன விஷயம் என்று மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். அது எங்கள் வீட்டுக்கு வந்து குடியேறியது. எனக்கு ஏழாம் மாதம் ஆனதும், வழக்கப்படி வளையல் போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மாமியார் முடியாது என்றுவிட்டார்.

"வளக்கத் தகுந்தவ இல்லன்னு கோர்ட்டே எழுதியிருக்கு. அங்க போயி பிள்ளை பெத்துக்கணுமா?"

என் வீட்டுக்காரர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "அந்த உத்தரவெல்லாம் இப்ப செல்லாதும்மா. கல்யாணத்தோட போயிருச்சு."

"உத்தரவு போச்சு. தப்புன்னு எந்தக் கோர்ட்டாவது சொல்லுச்சா?"

மேல் கோர்ட்டு வக்கீல்களுக்கே பதில் கிடைக்காத கேள்வி அது. பிரசவம் மாமியார் வீட்டில்தான் நடந்தது. பெரியப்பா வீட்டில் நடக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார், அதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு மிஞ்சியிருந்த ரோஷம் அவ்வளவுதான்.

ஆனால் பிரசவத்துக்கு முன்னால் ஒருநாள், யாரிடமும் கேட்காமல், ரிக்ஷா பிடித்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த நேரம். படியேறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. கதவு திறந்துதான் கிடந்தது. அம்மா அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உடனே என் தோளுக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள்.

"கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரலம்மா. நான் மட்டுந்தான்."

நம்பாதவள் போல இன்னொருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையைக் கழுவினாள். பலகை போட்டு உட்கார வைத்தாள். சோறு போட்டாள், புளிக்குழம்பு ஊற்றினாள். எதிரில் உட்கார்ந்துகொண்டு, "உடம்பு சொகமா இருக்கா? வேளைக்குச் சாப்பிடுறியா? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள். தெருவுக்கே கேட்கும்படி அவ்வளவு சத்தமாகக் கேட்டாள். காது மந்தமாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் பெரியம்மாவை நடுவில் வைத்துக்கொண்டு என்னோடு பேசிய குரல் அது. ரகசியம் பேசுகிறாள், பெண்ணின் மனசைக் கலைக்கிறாள் என்று யாரும் போய்க் கோர்ட்டில் சொல்லிவிடக் கூடாது என்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேசிப் பழகிவிட்டாள்.

"அம்மா, இங்க யாரும் இல்ல," என்றேன். "மெதுவாப் பேசும்மா."

"ஆமா," என்றாள், சன்னமாக. என் வயிற்றைப் பார்த்தாள், என் வளையலைப் பார்த்தாள். கீழே மசாலாக் கடையில் உலக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சிந்திய பருக்கையைப் பொறுக்கிக்கொண்டே, "மெதுவாப் பேசுனா என்ன பேசறதுன்னு தெரியலடி எனக்கு," என்றாள்.

பிறகு மறுபடியும் அதே உரத்த குரலில், இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டாள்.